அலெக்சிஸ் சோயர்

அலெக்சிஸ் பெனுவா சோயர் (பெப்ரவரி 4, 1810 – ஆகஸ்ட் 5, 1858) பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த சமையற்கலைஞர், நூலாசிரியர், சமையற் கருவிகளை வடிவமைத்தவர். விக்டோரியா மகாராணியின் காலத்தில் இலண்டனில் மிகப் பரவலாக அறியப்பட்ட சமையற்காரர் இவரே எனலாம். செல்வந்தர்கள் கூடும் ரிபார்ம் கிளப்பின் தலைமைச் சமையற்காரராகப் புகழ்பெற்ற இவர், 1847 இல் அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின்போது டப்ளின் நகரில் ஏழைகளுக்கான மாதிரிச் சமையற்கூடம் ஒன்றை அமைத்தார். 1855 இல் கிரிமியப் போர்முனைக்குச் சென்று, படைவீரர்களின் உணவையும் இராணுவ மருத்துவமனைகளின் சமையலையும் சீர்திருத்தினார். இவர் வடிவமைத்த படைமுகாம் அடுப்பு, பிற்கால மாற்றங்களுடன், 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பிரித்தானிய இராணுவத்தில் பயன்பட்டது.

இளமைக் காலம்

சோயர் பிரான்சின் தலைநகர் பாரிசுக்குக் கிழக்கே உள்ள மோ என்னும் ஊரில் பிறந்தார். எளிய குடும்பம். பெற்றோர் புரொட்டஸ்தாந்து சமயத்தைச் சேர்ந்தவர்கள். 1821 இல் இவர் பாரிசுக்குச் சென்றார். அங்கு ஏற்கனவே சமையல் தொழிலில் இருந்த மூத்த சகோதரர் பிலிப்பின் துணையுடன் உணவகம் ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். இருபது வயதுக்குள்ளாகவே பாரிசின் முக்கிய வீதி ஒன்றில் இருந்த பெரிய உணவகத்தில் பல சமையற்காரர்களுக்குத் தலைவராக உயர்ந்தார்.

1830 ஆம் ஆண்டு, பிரான்சின் முதலமைச்சராக இருந்த இளவரசர் பொலிஞாக்கின் சமையற்கூடத்தில் இரண்டாம் நிலைச் சமையற்காரராகப் பணியேற்றார். அவ்வாண்டு ஜூலை மாதம் பாரிசில் புரட்சி வெடித்தது. புரட்சியாளர்கள் அச்சமையற்கூடத்துக்குள் புகுந்தபோது, சோயர் புரட்சிப் பாடலை உரத்த குரலில் பாடித் தம் உயிரைக் காத்துக்கொண்டதாகக் கூறப்படுகிறது. அவரிடம் செயலாளர்களாகப் பணியாற்றியவர்கள் 1859 இல் வெளியிட்ட நினைவு நூல் இச்செய்தியைத் தருகிறது. புரட்சிக்குப்பின் பாரிசின் பிரபுக்கள் பலர் தம் பெரிய இல்லங்களை மூடியதால் சமையற்காரர்களுக்கு வேலை அரிதாயிற்று. எனவே சோயர் 1831 இல் இங்கிலாந்துக்குச் சென்றார். அப்போது பிலிப் அங்கே கேம்பிரிட்ஜ் கோமகனின் இல்லத்தில் பணியாற்றி வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் சோயர் ஆங்கிலப் பிரபுக்கள் பலரின் இல்லங்களில் சமையற்காரராக இருந்தார்.

திருமணம்

சோயர் 1837 இல் எலிசபெத் எம்மா ஜோன்ஸ் என்னும் ஓவியரை மணந்தார். எம்மா சிறுவயது முதலே பிளெமிய ஓவியர் பிரான்சுவா சிமோனோவிடம் ஓவியம் பயின்றவர். இவருடைய ஓவியங்கள் இலண்டனிலும் பாரிசிலும் கண்காட்சிகளில் இடம்பெற்றன.

1842 ஆகஸ்ட் மாதம் சோயர் பெல்ஜியம் சென்றிருந்த வேளையில், கருவுற்றிருந்த எம்மா இலண்டனில் இறந்தார். கடும் இடிமழையின்போது ஏற்பட்ட அதிர்ச்சியால் உரிய காலத்துக்கு முன்பே பேறுவலி கண்டதே காரணம் எனப்பட்டது. அப்போது அவருக்கு வயது 29 மட்டுமே. சோயர் மனைவிக்கு இலண்டன் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் பெரியதொரு நினைவுச்சின்னம் எழுப்பினார். பின்னர் 1848 இல், எம்மாவின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, கிடைத்த பணத்தை இலண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் வாழ்ந்த ஏழை நெசவாளர்களுக்கு உணவளிக்கும் கூடத்துக்குச் செலவிட்டார்.

ரிபார்ம் கிளப்

ரிபார்ம் கிளப் 1836 இல் தொடங்கப்பட்டது. இதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் அரசியல் சீர்திருத்தத்தை ஆதரித்தவர்கள். சோயர் 1837 இல் இதன் தலைமைச் சமையற்காரரானார். விக்டோரியா மகாராணியின் முடிசூட்டு விழா நாளான ஜூன் 28, 1838 அன்று சுமார் 2000 விருந்தினர்களுக்குக் காலை விருந்து சமைத்தளித்தது இவருக்குப் பெரும்பெயர் பெற்றுத் தந்தது.

கிளப்புக்கு இலண்டன் பால்மால் தெருவில் புதிய கட்டிடம் ஒன்றைக் கட்டிடக் கலைஞர் சார்லஸ் பாரி வடிவமைத்தார். அதன் சமையற்கூடம் சோயரின் ஆலோசனையுடன் அமைக்கப்பட்டு 1841 இல் பயன்பாட்டுக்கு வந்தது. அக்காலத்துச் சமையற்கூடங்களில் நிலக்கரி அடுப்புகளே வழக்கத்தில் இருந்தன. நாள் முழுதும் எரியும் அவ்வடுப்புகளில் வெப்பத்தை வேண்டியவாறு கூட்டவோ குறைக்கவோ இயலாது. புகையும் சாம்பலும் வேறு. ரிபார்ம் கிளப்பில் சோயர் செய்த முக்கிய மாற்றங்கள் பின்வருமாறு:

- எரிவாயு அடுப்பு: வேண்டும்போது பற்றவைத்து, தேவை முடிந்தவுடன் அணைக்கலாம். வெப்பத்தின் அளவையும் கட்டுப்படுத்தலாம். எரிவாயு அப்போது பெரும்பாலும் விளக்கெரிக்கவே பயன்பட்டு வந்தது.
- நீராவி: கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்த நீராவிப் பொறி நீரை மேலேற்றியது, இறைச்சி வாட்டும் கம்பிகளைச் சுழற்றியது. தட்டுகளையும் உணவையும் சூடாக வைத்திருக்கவும் நீராவி உதவியது.
- தனித்தனி அறைகள்: இறைச்சி, மீன், காய்கறி, இனிப்பு ஆகியவற்றுக்குத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. மீன் வைக்கும் பலகை மீது குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

இச்சமையற்கூடத்தைக் காண்பதற்கென்றே மக்கள் வந்தனர். அதன் குறுக்குவெட்டுப் படம் அச்சிடப்பட்டு விற்பனையானது. வேலையாட்களின் நடையைக் குறைப்பது, எரிபொருளை மிச்சப்படுத்துவது, ஒரே நேரத்தில் பலருக்குச் சமமான தரத்தில் உணவளிப்பது ஆகிய மூன்றையும் சோயர் இங்குதான் செய்து பழகினார். பின்னாளில் டப்ளினிலும் கிரிமியாவிலும் இவர் செய்த பணிகளுக்கு இதுவே அடிப்படையாயிற்று.

ஆட்டிறைச்சித் துண்டின் மேல் ரொட்டித்தூளும் பொடியாக நறுக்கிய பன்றியிறைச்சியும் பூசிப் பொரித்து, புளிப்பும் காரமும் கலந்த குழம்புடன் பரிமாறப்படும் ரிபார்ம் கட்லெட் இவர் இங்கு உருவாக்கிய உணவாகும். எகிப்தின் இப்ராகிம் பாஷாவுக்கு 1846 ஜூலையில் இவர் அளித்த விருந்தும் பெரிதும் பேசப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 2000 சமையற் குறிப்புகளைக் கொண்ட இவருடைய பெருநூலும் வெளியாயிற்று.

சோயர் தன்னை விளம்பரப்படுத்திக் கொள்வதில் தயங்காதவர். இவருடைய சட்டை, தொப்பி, முகவரி அட்டை ஆகிய அனைத்தும் நேர்கோடு தவிர்த்துச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்தாளர் தாக்கரே தம் பெண்டென்னிஸ் என்னும் புதினத்தில் வரும் பிரெஞ்சுச் சமையற்காரர் பாத்திரத்தை இவரை மனதிற்கொண்டே படைத்தார். ஆங்கிலத்தில் எழுதும் திறன் இவருக்குக் குறைவு. எனவே தம் நூல்களைச் செயலாளர்களிடம் சொல்லி எழுதச் செய்தார்.

அயர்லாந்துப் பஞ்சம்

1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகைப் பூஞ்சண நோய் தாக்கியது. ஏழை மக்களின் முதன்மை உணவு உருளைக்கிழங்கே ஆதலால், அடுத்த ஆண்டு விளைச்சல் முற்றிலும் பொய்த்தபோது பெரும் பஞ்சம் தொடங்கியது. பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் சுமார் பத்து இலட்சம் மக்கள் இறந்தனர்.

1847 இன் தொடக்கத்தில் சோயர், குறைந்த செலவில் பெருந்தொகையான மக்களுக்கு உணவளிக்கும் முறைகளைப் பற்றிச் செய்தித்தாள்களுக்கு எழுதினார். இதைக் கண்ட பிரித்தானிய அரசு அவரை டப்ளினுக்கு அழைத்தது. தமிழ்நாட்டில் பஞ்ச காலங்களில் திறக்கப்பட்ட கஞ்சித்தொட்டிகளைப் போன்று, அயர்லாந்து முழுவதும் சூப் வழங்கும் கூடங்களைத் திறக்க அரசு அப்போது முடிவு செய்திருந்தது. அவற்றுக்கு முன்மாதிரியாக ஒரு கூடத்தை அமைப்பதே சோயரின் பணி.

இக்கூடம் டப்ளினின் இராயல் பாசறைக்கு முன்னே ஏப்ரல் 5, 1847 அன்று திறக்கப்பட்டது. மரத்தாலும் துணியாலும் ஆன கொட்டகையின் நடுவில் 300 கேலன் (சுமார் 1360 லிட்டர்) கொள்ளளவுள்ள கொதிகலன் இருந்தது. அதைச் சுற்றி நீண்ட மேசைகளில் கிண்ணங்கள் பதிக்கப்பட்டு, கரண்டிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. வெளியே வரிசையில் நின்றவர்கள் மணியடித்ததும் நூறு நூறு பேராக உள்ளே வந்து உண்டு, மறுபக்கம் வெளியேறுகையில் ரொட்டியும் பெற்றுச் சென்றனர். அதற்குள் கிண்ணங்கள் கழுவப்பட்டு அடுத்த மணி அடிக்கப்படும். இவ்வாறு ஒரு மணி நேரத்தில் 1000 பேருக்கு உணவளிக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது.

இத்திட்டத்தின் மீது இரண்டு வகையான குறைகள் கூறப்பட்டன. முதலாவது, திறப்பு விழா நடத்தப்பட்ட விதம். நகரின் உயர்குடியினர் அழைக்கப்பட்டு, ஏழைகள் உண்பதைப் பார்வையிட்டனர். பசித்தவர்களைக் காட்சிப்பொருளாக்கியதாகச் செய்தித்தாள்கள் கண்டித்தன.

இரண்டாவது குறை உணவின் சத்தைப் பற்றியது. இதுவே முக்கியமானது. சோயர் வெளியிட்ட முதல் சூப் குறிப்பின்படி, இரண்டு கேலன் நீருக்குக் கால் பவுண்டு மாட்டிறைச்சி, இரண்டு அவுன்சு கொழுப்பு, அரை பவுண்டு மாவு, அரை பவுண்டு பார்லி, வெங்காயம், பிற காய்கறிகள், உப்பு, சிறிதளவு சர்க்கரை ஆகியவை சேர்க்கப்பட வேண்டும். இன்றைய அளவுகளில் இது ஏறத்தாழ ஒன்பது லிட்டர் நீருக்கு 113 கிராம் இறைச்சி ஆகும். எட்டுப் பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 14 கிராம் அளவே கிடைக்கும். மாவும் பார்லியும் சேர்ந்து ஒருவருக்கு 60 கிராம் அளவுக்கு மிகாது. நாவுக்கு இனிய உணவு உடலுக்கும் ஏற்றது என்பது சோயரின் நம்பிக்கை. ஆனால் அயர்லாந்தின் புகழ்பெற்ற மருத்துவர் சர் ஹென்றி மார்ஷ், நீர்மமான உணவு வயிற்றில் தங்காது எனவும், உழைக்கும் மனிதனுக்குத் திட உணவு தேவை எனவும் வாதிட்டார். இலண்டனின் மருத்துவ இதழான லான்செட்டும் சோயரின் சூப்பைக் கடுமையாக விமர்சித்தது.

இன்றைய சத்துணவு அறிவைக் கொண்டு நோக்கினால் மருத்துவர்கள் கூறியதே சரி. சூப் ஒன்றையே உண்டு ஒருவர் நெடுநாள் உயிர் வாழ இயலாது. ஆயினும் விரைவாக, வீணின்றி, பெருந்திரளான மக்களுக்கு உணவு வழங்க முடியும் என்பதை அக்கூடம் காட்டியது. 1847 ஜூலை அளவில் அயர்லாந்து முழுவதும் நாளொன்றுக்குச் சுமார் முப்பது இலட்சம் பேர் இத்தகைய கூடங்களில் உணவு பெற்றனர். இவற்றுள் பலவற்றில் சூப்புக்குப் பதிலாக மக்காச்சோள மாவும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான கூழ் வழங்கப்பட்டது. பஞ்ச காலத்தில் அரசு செய்த நிவாரணங்களுள் மிகுந்த பயன் அளித்தது இதுவே என வரலாற்றாய்வாளர் பலர் கருதுகின்றனர். எனினும் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அரசு இக்கூடங்களை மூடி, ஏழைகளைத் தொழிலில்லங்களின் பொறுப்பில் விட்டது. பஞ்சமோ மேலும் சில ஆண்டுகள் நீடித்தது.

சோயர் சில வாரங்களிலேயே இலண்டன் திரும்பினார். ஏழைகளுக்கான சமையல் பற்றி ஆறு பென்சு விலையில் ஒரு சிறுநூலை வெளியிட்டு, வருவாயில் ஒரு பகுதியை அறப்பணிக்கு அளித்தார்.

வீட்டுச் சமையல்

1849 இல் வெளியான நவீன இல்லத்தரசி என்னும் நூல் நடுத்தரக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது. இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களின் வடிவில் அமைந்த இந்நூல், மிஞ்சிய இறைச்சியைப் பயன்படுத்துதல், பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் உணவு தயாரித்தல், வீட்டுச் செலவைத் திட்டமிடுதல் ஆகியவற்றை விளக்குகிறது. அதே ஆண்டில், மேசை மீதே வைத்துச் சமைக்கத்தக்க சிறிய சாராய அடுப்பு ஒன்றையும் மாய அடுப்பு என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இவர் பெயர் தாங்கிய சுவைச்சாறுகளைக் குரோஸ் அண்ட் பிளாக்வெல் நிறுவனம் விற்றது.

1850 இல் சோயர் ரிபார்ம் கிளப்பிலிருந்து விலகினார். 1851 இல் இலண்டன் ஹைட் பூங்காவில் பெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றபோது, அதற்கு அருகில் இருந்த கோர் இல்லத்தை வாடகைக்கு எடுத்து மாபெரும் உணவகம் ஒன்றை நடத்தினார். எல்லா நாட்டினருக்கும் அவரவர் உணவு என்பதே நோக்கம். கூட்டம் வந்தபோதிலும் அலங்காரச் செலவுகள் வருவாயை விஞ்சின. சில மாதங்களில் 7000 பவுண்டு இழப்புடன் உணவகம் மூடப்பட்டது. இன்று அவ்விடத்தில் இராயல் ஆல்பர்ட் மண்டபம் உள்ளது.

1854 இல் வெளியான ஒரு சில்லிங் விலைச் சமையல் நூல், தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது. அடுப்பு ஒன்றும் பாத்திரம் ஒன்றிரண்டும் மட்டுமே உள்ள வீட்டில் என்ன சமைக்கலாம் என்பதை எளிய நடையில் கூறும் இந்நூல் இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையானது. யூதர் முறையில் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த மீன் பற்றிய குறிப்பும் இதில் உண்டு.

கிரிமியப் போர்

1853 இல் தொடங்கிய கிரிமியப் போரில் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியுடன் சேர்ந்து உருசியாவை எதிர்த்தன. பிரித்தானியப் படைவீரர்களுள் போர்க்காயங்களால் இறந்தவர்களை விட நோயால் இறந்தவர்களே மிகுதி. 1854-55 குளிர்காலத்தில் வீரர்களுக்கு உப்பிட்ட இறைச்சியும், வறுக்காத பச்சைக் காப்பிக்கொட்டையும் வழங்கப்பட்டன. ஒவ்வொருவரும் தத்தம் பங்கைத் தாமே சமைக்க வேண்டும். விறகோ கிடைக்கவில்லை.

இச்செய்திகளைப் படித்த சோயர், தம் சொந்தச் செலவில் அங்கு சென்று பணியாற்ற விரும்புவதாக 1855 பெப்ரவரியில் டைம்ஸ் நாளிதழ் வாயிலாகத் தெரிவித்தார். அரசு ஏற்றுக்கொண்டது. அவர் முதலில் சென்றது, புளோரன்ஸ் நைட்டிங்கேல் பணியாற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு. இது இன்றைய இஸ்தான்புல் நகரின் உஸ்குதார் பகுதியில் உள்ளது.

அங்கே ஒவ்வொரு நோயாளர் குழுவின் இறைச்சியும் மரத்துண்டு ஒன்றில் இறுகக் கட்டப்பட்டு, அடையாளத்துக்காகப் பழைய ஆணி, பொத்தான், கந்தைத்துணி போன்றவை பிணைக்கப்பட்டு, ஒரே கொதிகலனில் போடப்பட்டது. இறுகக் கட்டியதால் உட்பகுதி வேகாமலும், வெளிப்பகுதி வெந்து கரைந்தும் போயிற்று. இறைச்சி வெந்த நீர் கீழே கொட்டப்பட்டது. சமைத்தவர்கள் பயிற்சியில்லாத படைவீரர்களே. அவர்களும் அடிக்கடி மாற்றப்பட்டனர்.

சோயர் அதே பொருள்களைக் கொண்டே மாற்றங்களைச் செய்தார். இறைச்சியைத் தளர்வாக வைத்து வேகவைத்தார். வெந்த நீரில் காய்கறி, அரிசி, பார்லி சேர்த்துச் சூப் ஆக்கினார். மேலே படியும் கொழுப்பை எடுத்துச் சேமிக்கச் செய்தார். உப்பிட்ட இறைச்சியைச் சமைப்பதற்கு முன் நெடுநேரம் நீரில் ஊறவைக்கக் கற்பித்தார். சமையலுக்கென நிலையான ஆட்களை அமர்த்திப் பயிற்சி அளித்து, அளவுகளுடன் கூடிய எளிய குறிப்புகளை எழுதிக் கொடுத்தார். தேயிலையைத் துணியில் கட்டிப் பெருங்கொதிகலனில் போடுவதற்கு மாற்றாக, வடிகட்டி பொருத்திய தேநீர்க் கலம் ஒன்றையும் வடிவமைத்தார்.

1855 மே மாதம் நைட்டிங்கேலுடன் கிரிமியாவின் பலக்லாவா துறைமுகத்துக்குச் சென்றார். அங்கிருந்த மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இதே பணி தொடர்ந்தது. அங்கே இருவருமே கடும் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு மீண்டனர்.

சோயர் அடுப்பு

இங்கிலாந்திலிருந்து புறப்படுமுன்பே சோயர் வடிவமைத்திருந்த படைமுகாம் அடுப்புகள் 1855 ஆகஸ்டில் போர்முனையை அடைந்தன. இவ்வடுப்பு இரும்புத் தகட்டாலான உருளை வடிவப் பீப்பாய் போன்றது. அடிப்பகுதியில் தீ எரியும். மேற்பகுதியில் மூடியுடன் கூடிய 12 கேலன் அளவுள்ள கொதிகலன் பொருந்தியிருக்கும். பக்கத்தில் புகைபோக்கி உண்டு.

தீ மூடிய கலத்துக்குள் எரிவதால் வெப்பம் வீணாகாது, எரிபொருள் மிகக் குறைவாகவே செலவாகும். விறகு, நிலக்கரி, சாணம் என எதையும் எரிக்கலாம். மழையிலும் காற்றிலும் தீ அணைவதில்லை. இரவில் தீயின் ஒளி வெளியே தெரியாததால் எதிரிக்கு முகாமின் இடம் புலப்படாது. ஓர் அடுப்பு சுமார் ஐம்பது பேருக்குப் போதுமானது. இரண்டு அடுப்புகளை ஒரு கோவேறு கழுதையில் ஏற்றிச் செல்லலாம். சோயர் இதற்குக் காப்புரிமை பெறவில்லை.

இறுதிக் காலம்

1857 இல் இங்கிலாந்து திரும்பிய சோயர், தம் போர்முனை அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 1858 மார்ச்சில் இராணுவத்தினர் முன் சமையல் பற்றி உரையாற்றினார். இலண்டன் வெலிங்டன் பாசறைக்கு இவர் வடிவமைத்த சமையற்கூடம் அவ்வாண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. சில நாட்களில், ஆகஸ்ட் 5 அன்று, தமது 48 ஆம் வயதில் இலண்டனில் காலமானார். கிரிமியாவில் கண்ட காய்ச்சலிலிருந்து அவருடைய உடல்நலம் முழுமையாக மீளவில்லை. கென்சல் கிரீனில் மனைவியின் கல்லறையிலேயே இவரும் அடக்கம் செய்யப்பட்டார். இறக்கும்போது கடன்பட்டிருந்ததால் இவருடைய உடைமைகள் கடன் கொடுத்தவரிடம் சென்றன.

சோயரின் மறைவை ஒரு பேரிழப்பாக நைட்டிங்கேல் கருதினார். பிறர் சுவைக்காகவும் பகட்டுக்காகவும் சமையலைப் பயின்றிருக்க, பெருந்தொகையானவர்களுக்குச் சத்தான உணவைக் குறைந்த செலவில் ஆக்குவதை ஆராய்ந்தவர் இவர் ஒருவரே என்பது அவருடைய மதிப்பீடு.

எழுதிய நூல்கள்

- காஸ்ட்ரோனாமிக் ரீஜெனரேட்டர் (1846) – ரிபார்ம் கிளப் சமையற்கூடத்தின் விளக்கமும் சமையற் குறிப்புகளும்.
- சாரிட்டபிள் குக்கரி (1847) – ஏழைகளுக்கான சமையல்.
- மாடர்ன் ஹவுஸ்வைஃப் (1849) – நடுத்தரக் குடும்பச் சமையல்.
- பான்ட்ரோபியன் (1853) – பண்டைய உணவுகளின் வரலாறு. இதன் பெரும்பகுதி அடோல்ப் டுஹார்ட்-ஃபோவே என்னும் பிரெஞ்சு ஆசிரியரால் எழுதப்பட்டது.
- சில்லிங் குக்கரி ஃபார் த பீப்பிள் (1854) – தொழிலாளர் குடும்பச் சமையல்.
- சோயர்ஸ் கலினரி கேம்பெய்ன் (1857) – கிரிமியப் போர் அனுபவங்கள்.